நாய்க்குப் போட்ட நிழல்

என் வீட்டுக்காரருக்கு வலிப்பு உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்து மறைத்துப் பேசியே எனக்குப் பாதி ஆயுள் அலுத்துவிட்டது. சில மாதம் வரும், சில மாதம் வராது. வந்தால் நின்ற இடத்திலேயே விழுவார். வீட்டில் விழுந்தால் பெரிதாகப் பயமில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கொஞ்ச நேரத்தில் கண் விழித்து, எதுவுமே நடக்காததுபோல மோர் கேட்பார். ஆனால் அவருக்கு வேலை உப்பளத்தில். மரக்காணத்து உப்புப் பாத்தியில் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஏறாது. குப்புற விழுந்து கிடக்கிற மனிதனுக்குக் கணுக்கால் தண்ணீர் போதும்.

புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டால் தூக்கம் வருகிறது, பலகை பிடித்து உப்பு வார முடியவில்லை என்று பாதி நாள் போடமாட்டார். சண்டை போட்டுப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். கடைசியில் அவரைக் காப்பாற்றி வந்தது நானும் இல்லை, மாத்திரையும் இல்லை. ஒரு தெருநாய்.

அந்த நாயை யாரும் வளர்க்கவில்லை. அதுவாக வந்து உப்புக் குவியல் பக்கம் படுத்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் தன் சோற்றில் ஒரு கை வைப்பார். அவர் விழுந்த முதல் தடவை அது போட்ட சத்தத்தில் நாலு பாத்தி தள்ளி வேலை செய்தவர்கள் ஓடிவந்து அவரைப் புரட்டிப் போட்டார்கள். அதற்குப் பிறகு அவர் எப்போது விழுந்தாலும் அது கத்தும், யாராவது ஓடிவருவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. வாயில்லா ஜீவன் என்கிறார்களே, எங்கள் வீட்டில் அந்த நாயின் வாயை நம்பித்தான் என் தாலி இருந்தது.

கடல் உள்ளே வந்துபோன அந்த மார்கழியில்கூட அது தப்பிவிட்டது. பாத்தியெல்லாம் சேறு ஏறி, வரப்பு கரைந்து, அளம் மறுபடி அளமாக மாசி பங்குனி ஆகிவிட்டது. அந்த வைகாசியில், கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடக்கும்போது லாரியில் அடிபட்டுச் செத்தது.

மறுநாள் நான் துணிக்கடை வேலையை விட்டேன். கடைவீதியில், மின்விசிறிக்குக் கீழே நின்று புடவை பிரித்துக் காட்டுகிற வேலை. அதை விட்டுவிட்டு அளத்துக்கு வந்து உப்புக் கூடை சுமக்க ஆரம்பித்தேன். கூடை தலையில் இருக்கும், கண் அவர் மேல் இருக்கும். அவர் விழுந்தால் நான்தான் ஓடிப்போய்ப் புரட்டிப் போடுவேன். உப்பு வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்துக் கண் எரியும். வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்து, அவர் தூங்கிய பிறகும் என் கண் தானாகத் திறந்து பார்க்கும். உடம்பு வலி தூங்கினால் சரியாகிவிடும். இது அப்படித் தீருகிற வலி இல்லை.

வேறு நாய் வைத்துப் பார்க்காமல் இல்லை. இரண்டு தெருக்குட்டிகளைக் கொண்டுவந்தோம். ஒன்று நாலு நாள் இருந்துவிட்டு, ரோட்டோர டீக்கடைக்கு ஓடிப்போய் பஜ்ஜிக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டது. இன்னொன்று செத்துப்போனது. அது ஏன் செத்தது என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

என் தம்பி கீழ்புத்துப்பட்டில் இருந்தான், ஆட்டோ ஓட்டினான். அடுத்த வருஷம், இரண்டாயிரத்து ஆறு தை முடிகிற நேரத்தில், அவன்தான் வந்து சொன்னான்.

"அக்கா, இரும்பை பக்கம் ஒரு அம்மா இருக்காங்க. தபாலாபீஸ்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க. சிப்பிப்பாறை நாயி வளக்குறாங்க. நல்ல ஜாதி. குட்டி போட்டிருக்குதாம். நான் வாங்கித் தர்றேன், நீ பேசாம வா."

"ஜாதி நாயி வந்து உப்புல நிக்குமாடா?"

"வெயிலு தாங்குற நாயிக்கா அது. நீ வந்து பாரு மொதல்ல."

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் போனோம். என் வீட்டுக்காரர் தலைக்கு எண்ணெய் வைத்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பெண் பார்க்கப் போவதுபோல இருக்கிறதே என்று தம்பி கிண்டல் செய்தான். போன பிறகுதான் தெரிந்தது, பெண் வீட்டார் எங்களைத்தான் பார்க்கிறார்கள் என்று.

செம்மண் பாதைக்கு உள்ளே தள்ளி, முந்திரி மரங்களுக்கு நடுவே வீடு. அந்த அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். கேட்டைத் திறக்காமலேயே, "அங்க பைப்பு இருக்குது, கை கால் கழுவிட்டு வாங்க" என்றார். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. கூலிக்காரர்கள் என்று தெரிந்துதானே கழுவச் சொல்கிறாள் என்று தம்பியை முறைத்தேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. குட்டிங்களுக்கு இன்னும் ஊசி முழுசா போடல. வெளிய இருக்குற நாயி நோவு செருப்புல ஒட்டிக்கிட்டு வந்துடும். நானே வெளிய போய்ட்டு வந்தா கழுவிட்டுத்தான் உள்ள போறேன்."

கழுவினேன். கோபம் மட்டும் கழுவப்படவில்லை.

முதலில் தாய் நாயைக் காட்டினார். நீண்ட கால், ஒட்டிய வயிறு, மான் நிறம். சோறு போடுவதில்லையோ என்று நினைத்துக்கொண்டேன். "அதோட வாகே அப்படித்தான்" என்றார், நான் கேட்காமலேயே. குட்டிகள் ஒரு பழைய புடவை மேல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

எங்கள் பக்கம் குட்டி பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. பிடரித் தோலைப் பிடித்து ஒரு கையால் தூக்குவார்கள். கத்தினால் கோழை, விட்டுவிடுவார்கள். கத்தாமல் தொங்கினால் காவலுக்கு ஆகும். என் வீட்டுக்காரர் யாரையும் கேட்காமல் குனிந்து ஒன்றைத் தூக்கினார். வீல் என்று ஊரைக் கூட்டியது. இன்னொன்றைத் தூக்கினார். அது சத்தமே போடாமல் தொங்கிக்கொண்டு அவர் மூக்கைப் பார்த்தது. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"யோவ், கத்துனதை எடுய்யா" என்றேன். "நமக்குக் கத்துறதுதான வேணும்?"

"கீழ விடுங்க அதை!" என்று அந்த அம்மா போட்ட அதட்டலில் இரண்டு பேரும் அடங்கிவிட்டோம். "கொழந்தையை இப்படித்தான் தூக்குவீங்களா? உக்காருங்க. மடியில வெச்சு, ரெண்டு கையால ஏந்தணும்."

என் வீட்டுக்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கத்தாத அந்தக் குட்டியை மடியில் வைத்தார். அது இரண்டு சுற்று சுற்றிவிட்டு, அவர் கைச்சூட்டில் சுருண்டு தூங்கிவிட்டது. உப்பில் காய்த்துப்போன கை அது. அதை அவர் அசைக்கவே இல்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இனி இவர் வேறு குட்டியைப் பார்க்கமாட்டார் என்று.

அந்த அம்மா எதிரில் நாற்காலி போட்டுக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார். வீட்டில் யார் யார்? பகலில் யார் இருப்பார்கள்? ராத்திரி எங்கே படுக்கும்? சங்கிலி போடுவீர்களா? நோய் வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவீர்கள்? என் மகளைப் பிரம்மதேசத்தில் கொடுக்கும்போது நான்கூட மாப்பிள்ளை வீட்டாரை இத்தனை கேட்கவில்லை. எதற்கு நாய் என்று கேட்டபோது என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"காவலுக்குங்க மேடம். உப்புக் குவியலுக்கு."

அளத்தில் எல்லோருக்கும் தெரியும். வெளியாளிடம் சொன்னால் மட்டும் அவருக்கு ரோஷம் வரும். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"உப்புத் தண்ணியில எப்படிப் பாத்துப்பீங்க?"

இதற்காகத்தான் காத்திருந்தவர்போல என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது ஒன்றுதானே அவருக்கு முழுசாகத் தெரிந்த பாடம்.

"அதெல்லாம் ஒண்ணும் பண்ணாதுங்க. கொண்டுபோன மொத நாளே பாத்தியில நிக்க வெச்சுடுவேன். காலு வெடிக்கும், எரியும், கத்தும். கொஞ்ச நாள்ல காலு பழகிடும். என்னை எங்கப்பா அப்படித்தான் நிக்க வெச்சாரு. போன வருஷம் ஒரு குட்டிக்கும் அப்படித்தான் செஞ்சேன்."

"அந்தக் குட்டி இப்ப எங்க?"

"அது... செத்துட்டுதுங்க."

"எப்படி?"

"காலை நக்கிக்கினே இருந்துச்சு. வாந்தி எடுத்துச்சு. அப்புறம் எழுந்துக்கல."

சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. அந்த அம்மா ஒன்றும் திட்டவில்லை. எழுந்து வந்து, தூங்குகிற குட்டியை அவர் மடியிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டார். "கால்ல இருந்த உப்பை நக்கி நக்கியே போயிருக்குது" என்றார். என் வீட்டுக்காரர் காலி மடியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அளத்துக்காரன் மகனாகப் பிறந்து, அளத்து வழக்கப்படி அன்பாகத்தான் செய்தார். அது அந்த ஜீவனைக் கொன்றுவிட்டது.

"நான் எடத்தைப் பாக்கணும். பாக்காம குடுக்க மாட்டேன்" என்றார் அந்த அம்மா.

திரும்பும்போது தம்பிக்கு ஆட்டோவே ஓடவில்லை. "நாய் வித்த காசு குலைக்காதுன்னு சொல்லுவாங்க. இந்தம்மா காசே வேணாங்குதே. எடத்தைப் பாக்குதாம், எடத்தை. கலெக்டரே வந்து பாத்ததில்ல."

அந்த வாரமே அந்த அம்மா அவனுடைய ஆட்டோவில் வந்து இறங்கினார். உச்சி வெயில். குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் தடுமாறி நடந்துவந்தார். நான் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் போனேன். என் வீட்டுக்காரர் பாத்தியில் நின்று பலகையால் உப்பை இழுத்து வரப்போரம் சேர்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

அந்த அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுற்றிப் பார்த்தார். வெள்ளை வெளிச்சம் கண்ணைப் பறித்தது. குனிந்து பாத்தித் தண்ணீரில் விரல் வைத்துப் பார்த்தார்.

"நெழலே இல்லையா?"

"இல்லீங்க."

"குடிக்கிற தண்ணி?"

"வூட்டுலேந்து கேன்ல கொண்டாருவோம். தீந்துட்டா அவ்ளோதான்."

"காலுக்கு எதுவும் போடமாட்டாங்களா?"

"பூட்சு போட்டா வழுக்கும்னு கழட்டிடுவாரு."

"இங்க நாய் இருக்க முடியாதும்மா" என்றார். "இந்த வெயில்ல, இந்தத் தண்ணியில ஒரு ஜீவனைக் கொண்டுவந்து விடுறது பாவம். பக்கத்துல ஒரு நெழலு வேணும், தண்ணி வேணும். என்னால குடுக்க முடியாது."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"எங்க வூட்டு மனுஷன் நிக்கிறாரே, தெரியலையா உங்களுக்கு?" என்றேன். குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "இருவது வருஷத்துக்கு மேல நிக்கிறாரு. நெழலு இருக்குதா, தண்ணி இருக்குதான்னு இன்னைக்கி வரைக்கும் ஒரு ஆளு வந்து கேட்டதில்ல. நாயிக்குக் கேக்க வந்துட்டீங்க. வலிப்பு வருதும்மா அவருக்கு. இந்தத் தண்ணியில குப்புற வுழுந்தா செத்துடுவாரு. ஒரு நாயி கத்தும், யாராச்சும் ஓடியாருவாங்க. இப்ப அது இல்ல. நான்தான் நாயி. காலையிலேந்து பொழுது சாயுற வரைக்கும் பாத்துக்கினே கெடக்குறேன். என்னால முடியல."

பலகை நின்றது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை அவமானம். மறுபடி இழுக்க ஆரம்பித்தார்.

அந்த அம்மா குடையைத் தாழ்த்தினார். அழுகைக்கு ஆறுதல் சொல்கிற ஆள் இல்லை அவர்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்" என்றார். "ஒண்ணு சொல்றேன் கேட்டுக்குங்க. உங்க பழைய நாயி செஞ்சது அதோட குணம். அதை வெலைக்கு வாங்க முடியாது. என் நாயிங்க சரியான ஊமைங்க, லேசுல குலைக்காது. அவரு வுழுந்தா இது கத்தும்னு பொய் சொல்லி உங்க கையில குடுக்க மாட்டேன்."

"அப்ப கெளம்புங்க" என்றேன். மரியாதையில்லைதான். மரியாதைக்கும் தெம்பு வேண்டும்.

அன்றைக்கு ராத்திரி அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். எனக்கிருந்த கடைசி நம்பிக்கையையும் வாயாடித் துரத்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்து வைத்தபடி படுத்திருந்தேன்.

நாலைந்து நாள் கழித்துத் தம்பி வந்தான். "அந்தம்மா சொல்லி அனுப்பிச்சாங்க. பெரிய வரப்பு மேல கீத்துக் கொட்டாய் போடணுமாம். பானையில நல்ல தண்ணி எந்நேரமும் இருக்கணுமாம். பாத்தியில காலு படக் கூடாது, பட்டா ஒடனே நல்ல தண்ணியில கழுவணும். உச்சி வெயில்ல கொட்டாயிலதான் இருக்கணும். ஒத்துவரலன்னா அவங்ககிட்டயே திருப்பிக் குடுக்கணும், வேற யாருக்கும் தரக் கூடாது. இதுக்கெல்லாம் சரின்னா தர்றேன்னாங்க."

"குலைக்காத நாயி எனக்கு எதுக்குடா?" என்றேன்.

"நான் போடுறேன் கொட்டாயி" என்றார் என் வீட்டுக்காரர்.

வாதாட எனக்குத் தெம்பில்லை. ஒரு மனிதன் ஒரு குட்டிக்கு ஆசைப்படுகிறான், படட்டும் என்று விட்டுவிட்டேன். அளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவரிடம் போய் இடம் கேட்டார். உப்புக் குவியலுக்குக் காவல் நாய் வருகிறது என்றதும் அவர் உடனே தலையாட்டினார், பழைய கீற்றுகூட எடுத்துக்கொள்ளச் சொன்னார். மனிதன் உட்கார என்று கேட்டிருந்தால் வரப்பில் இடமில்லை என்றிருப்பார். கூட வேலை செய்கிறவர்கள், "நாயிக்கு பங்களா கட்றான்பா" என்று சிரித்தார்கள். அவர் நாலு கழி நட்டு, கீற்று வேய்ந்து, உட்கார்ந்தால் தலை இடிக்காத உயரத்துக்கு ஒரு கொட்டகை போட்டுவிட்டார். ஒரு ஓரத்தில் பானை. அடியில் மணல்.

ஊசியெல்லாம் போட்டு முடிந்த பிறகு குட்டி வந்தது. அந்த அம்மா சொன்னது சத்தியம். அது குரைக்கவே இல்லை. காக்காய் வந்தால் பார்க்கும், லாரி வந்தால் பார்க்கும், மேஸ்திரி கத்தினால் அவர் வாயைப் பார்க்கும். இதற்கு ஒரு பொம்மையை வாங்கி வைத்திருக்கலாம் என்று தினமும் சொல்வேன். நான் கூடை சுமப்பதும் குறையவில்லை, பார்ப்பதும் குறையவில்லை.

அதனிடம் ஒரே ஒரு பிடிவாதம் இருந்தது. கொட்டகையில் தனியாக இருக்காது. அவர் பாத்தியில் இறங்கிய உடனே வரப்பு விளிம்புக்கு வந்து நிற்கும். இன்னும் கொஞ்சம் போனால் ஒரு காலைத் தண்ணீரில் வைக்கும். உடனே அவருக்குப் பழைய குட்டி நினைவு வந்துவிடும். பலகையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அதன் காலைக் கழுவி, கொட்டகைக்குள் கொண்டுபோய் விடுவார். திரும்பினால் அதுவும் திரும்பும். காலையிலும் மாலையிலும் எப்படியோ சமாளித்தார். உச்சி வெயிலில் மட்டும் வேறு வழியில்லாமல் அதோடு கொட்டகைக்குள் உட்கார ஆரம்பித்தார். தனக்காக ஒரு நாளும் உட்காராத மனிதர். மேஸ்திரி கேட்டால், "நாயி விடமாட்டேங்குதுபா" என்பார்.

சித்திரையில் ஒரு நாள் மத்தியானம். கூடையோடு குவியலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தேன். கொட்டகைக்கு வெளியே அவருடைய இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. குதிகால் மணலில் அடித்துக்கொண்டிருந்தது.

கூடையை எறிந்துவிட்டு ஓடினேன். பாத்தியைச் சுற்றிப் போக நேரமில்லை, நடுவிலேயே இறங்கி ஓடினேன். ஓடும்போதெல்லாம் காது அந்தக் குரைப்பைத் தேடியது. ஒரு சத்தமும் இல்லை. போய்ப் பார்த்தால் அவர் மணலில் கிடக்கிறார். நாய் அவர் இடுப்போடு ஒட்டிப் படுத்து, அவர் வயிற்றில் தாடையை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறது.

"வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்குற? ஒரு தடவை கத்துனா என்ன?" என்று அதைத் திட்டிக்கொண்டே அவரை ஒருக்களித்தேன். வாயில் நுரை. துடைப்பதற்கு முந்தானையை எடுத்தேன். வழக்கமாக முதலில் உப்புத் தண்ணீரைத் துடைக்க வேண்டும். மூக்கில், காதில், இமைக்குள் எல்லாம் ஏறியிருக்கும். அதைத் துடைத்துத் துடைத்துப் பழகிய கை தானாக அவர் முகத்துக்குப் போனது. முகம் காய்ந்திருந்தது. நெற்றியில் கொஞ்சம் வியர்வை, தாடியில் கொஞ்சம் மணல், அவ்வளவுதான். அத்தனை வருஷத்தில், அளத்தில் அவர் விழுந்து முகம் நனையாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

நடுக்கம் நின்றது. மூச்சு சீராகி அவர் தூங்க ஆரம்பித்தார். எனக்கு அழுகை வந்தது, அழவும் அலுப்பாக இருந்தது. தூரத்திலிருந்து மேஸ்திரி, "என்னம்மா, கூடை பாத்தியில கெடக்குது?" என்று கத்தினார். "கெடக்கட்டும்" என்றேன். பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு, ஓடிவந்த என் காலைக் கழுவிக்கொண்டேன். பிறகு நாயைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, நானும் அந்த நிழலில் படுத்துக் கண்ணை மூடினேன்.